அம்புக்குறி அறையைப் பார்க்க வேண்டும்

எங்கள் மேலகரத்தில் ஆடி மாதம் துவைத்துப் போட்ட வேட்டி காய மூன்று நாள் ஆகும், மாஜிஸ்திரேட் அய்யா. நீங்கள் இந்தப் பக்கத்துக்குப் புதிது என்று சொன்னார்கள், அதனால்தான் இதிலிருந்து ஆரம்பிக்கிறேன். குற்றால மலையில் சாரல் இறங்கினால் தென்காசிக் கோபுரம் வரைக்கும் அதன் வீச்சு இருக்கும். ஊரே உற்சாகமாகத் திரியும். எங்கெங்கிருந்தோ வண்டி வைத்துக்கொண்டு வந்து அருவிக்கடியில் நிற்பார்கள். சுவர்களில் மட்டும் பச்சையாகப் பூசணம் பிடிக்கும். பரணில் கிடக்கும் தோல் செருப்பு வெள்ளை பூக்கும். அதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என் மனைவி ஆவுடையம்மாளுக்குத்தான் அது ஆகாது.

வாயால் சொல்லச் சொன்னார்கள். குமாஸ்தா எழுதுகிற வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொல்வது எனக்குச் சரிப்படவில்லை. தாள் கொடுங்கள், நானே எழுதித் தருகிறேன் என்றேன். என் கையெழுத்து வாசிக்கும்படி இருக்கும்.

என் பெயர் பால்வண்ணநாதன். தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் மெக்கானிக். தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், ஆபரேஷன் சாமான்களை அவிக்கிற கொதிகலம் எல்லாம் என் கையில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் எனக்குக் கல்யாணம். ஆவுடைக்குச் சொந்த ஊர் ராயகிரி. அங்கே வறண்ட காற்று. பிறந்ததிலிருந்து ஒரு தும்மல் கிடையாது என்று அவள் வீட்டில் சொன்னார்கள், பொய் இல்லை. மேலகரத்தில் அவள் பார்த்த முதல் ஆடியிலேயே இளைப்பு வந்துவிட்டது. மூச்சை உள்ளே இழுக்க முடியும், வெளியே விட முடியாது. நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி ஒரு சத்தம்.

பத்து வருஷம் நான் அவளைப் பார்த்துக்கொண்டேன். இதை நானே சொன்னால் நன்றாயிராது, ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள். வெந்நீர் ஆவி பிடிக்க வைப்பது, முதுகைத் தடவிவிடுவது, படுக்க முடியாதபோது என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எல்லாம் நான்தான். எங்கள் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மா எனக்கு ஊசி போடவே சொல்லிக் கொடுத்தார். ஊசி போட்டால் ஐந்தாவது நிமிஷம் அவள் முகத்தில் ரத்தம் திரும்பும். அப்போது கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. குழாயடியில் பெண்கள், "பால்வண்ணம் அண்ணாச்சி மாதிரி ஒருத்தர் நமக்கு வாய்க்கலியே" என்று என் காதுபடச் சொல்வார்கள். பஸ்ஸில் கண்டக்டர் எனக்கு இடம் போட்டுத் தருவார். நான் எதையும் கேட்டு வாங்கவில்லை.

இனி மிஷின் கதைக்கு வருகிறேன்.

ஐம்பத்தொன்பதில் எங்கள் ஆபரேஷன் தியேட்டருக்குக் காற்று வடிகட்டும் யந்திரம் ஒன்று கப்பலில் வந்தது. மாட்டியது நான்தான். வடிகட்டி என்றதும் சல்லடை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அது சல்லடை இல்லை. தலைமயிரைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய கண்ணாடி இழைகளைக் கன்னாபின்னாவென்று படிய வைத்து ஒரு தாள் செய்கிறார்கள். அந்தத் தாளை விசிறி மடிப்பாக மடித்து, இரண்டடிக்கு இரண்டடி மரச்சட்டத்துக்குள் அடைத்திருக்கும். விரித்துப் போட்டால் எங்கள் கூடம் முழுக்க வரும். தூசி அந்த இழைகளுக்குள் மூன்று விதமாக மாட்டுகிறது. பெரிய தூசி தேர் மாதிரி. காற்று வளைகிற இடத்தில் அதற்கு வளையத் தெரியாது, நேரே போய் மோதி நின்றுவிடும். நடுத்தரம் சைக்கிள்காரன் மாதிரி. வளைந்துவிடுவான், ஆனால் சந்து குறுகல், தோள் சுவரில் உரசும். உரசினால் ஒட்டிக்கொள்ளும். ரொம்பப் பொடியாக இருப்பது குடித்தவன் மாதிரி தள்ளாடித் தள்ளாடிப் போகும், எப்படியும் எதிலாவது போய் முட்டும். மதுவிலக்கு இருந்தாலும் நாம் பார்க்காதவர்களா. ஆகப் பெரிதும் மாட்டும், ஆகச் சின்னதும் மாட்டும். இடையில் ஓர் அளவு உண்டு, அதுதான் தப்பிக்கப் பார்க்கும். அதிலும் பத்தாயிரத்துக்கு மூன்றுதான் தப்பும் என்று பெட்டிக்குள் வைத்திருந்த தாளில் போட்டிருந்தது. பூசணத்தின் விதை இந்தக் கணக்கில் தேர் ஜாதி. தப்பவே தப்பாது.

அறுபத்தொன்றில் டாக்டரம்மா, உபரியாக இருந்த சட்டங்களில் சிலவற்றை என்னிடம் கொடுத்து, "உன் மனைவி அறைக்கு ஒன்று செய்து பார்" என்றார். செய்தேன். தேக்கில் ஒரு பெட்டி, பின்னால் ஒரு விசிறி, வெளியிலிருந்து வருகிற காற்றை முதலில் சலிக்க ஒரு கித்தான் துணி, அதற்கு அப்புறம் தாள் சட்டம். ஜன்னல் இடுக்குகளில் காகிதம் ஒட்டினேன். நல்ல காற்று உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தால் கெட்ட காற்று இடுக்கு வழியாக உள்ளே வராது, வெளியேதான் போகும். அழுக்கு ஏறியதைத் தெரிந்துகொள்ள வளைந்த கண்ணாடிக் குழாயில் சிவப்புத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். தாள் அடைக்க அடைக்கத் தண்ணீர் ஒரு பக்கம் ஏறும். அந்தப் பெட்டியைப் பார்த்த டாக்டரம்மா, தியேட்டரில் இருப்பதைவிட இது லட்சணமாக இருக்கிறது என்றார்.

மிஷின் வேலை செய்தது. நான் செய்தது, வேலை செய்யாமல் எப்படி இருக்கும்.

மூன்று வாரத்தில் ஆவுடை முழு இரவும் படுத்துத் தூங்கினாள். மூன்று மாதத்தில் கன்னத்தில் சதை போட்டது. தினமும் தூங்குகிற நேரம் அந்த அறையில் கழித்தால் போதும், பகலில் எங்கும் போய்வரலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அடுத்த வீட்டுத் தங்கபுஷ்பத்தோடு சேர்ந்து தையல் படிக்கப் போனாள். தங்கபுஷ்பம் எங்கள் தியேட்டரில் ஆயா. நல்ல பெண், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேதக்கோயிலுக்குப் போவாள். அறுபத்திரண்டு சீசனில் இரண்டு பேரும் ஐந்தருவிக்கே போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது ஆவுடையின் தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இங்கேருங்க, தண்ணி தலையில விழுந்தா மூச்சு முட்டும்னு பயந்தேன். முட்டவே இல்ல. பதினோரு வருசமா இது இங்கனதான விழுந்துட்டு கெடந்திருக்கு" என்றாள்.

நான் சிரித்தேன். சிரித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் வேலை முடிந்து வரும்போது வீடு பூட்டியிருக்கும். சாவி பக்கத்து வீட்டில். சோறு மூடி வைத்திருக்கும், சூடாகவே இருக்கும், குறை சொல்வதற்கில்லை. நான் ஒருவனாக உட்கார்ந்து சாப்பிடுவேன். பஸ்ஸில் கண்டக்டர், "இப்ப மதினிக்கு நல்லாயிட்டுல்லா, நின்னுக்கிட்டே வாங்க அண்ணாச்சி" என்று வேடிக்கையாகச் சொன்னார். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். நானும் இருந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஒருநாள் அவள் கேட்டாள். "இந்தத் தாளுப் பெட்டிய மாத்துததை எனக்குஞ் சொல்லிக் குடுங்க. நீங்க டூட்டில இருக்கும்போது செவப்புத் தண்ணி ஏறிட்டுன்னா நானே மாத்திக்கிடுதேன்."

"உனக்கு வேண்டாம்ட்டி. தூசி ஏறிரும்."

"மூக்கக் கெட்டிக்கிட்டா ஏறாதுல்லா? நீங்க அப்படித்தான செய்யுதிய."

அவள் சொன்னது சரி. அதனால் அவளை வெளியே நிற்கவைத்து, ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்க்கவிட்டு, மாற்றிக் காட்டினேன். முதலில் விசிறியை நிறுத்தி ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். யாரும் தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது பாருங்கள். நோயாளி அறைக்குள் இருக்கக் கூடாது. கட்டிலின் மேல் ஈரப்போர்வை. அரைமணி நேரம் தூசி அடங்கவிட வேண்டும். முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, மூக்குக்கு நாலு மடிப்பு ஈரத்துணி. பழைய தாளின் அழுக்குப் பக்கத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் தூசி கிளம்பாது. நான்கு மூலை நட்டுகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, சட்டத்தைத் தட்டாமல் குலுக்காமல் நேராக இழுத்து, அப்படியே மெழுகுத்துணிப் பைக்குள் இறக்கி வாயைக் கட்டிவிட வேண்டும். அதைக் கழுவிக் காயவைத்து மறுபடி மாட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. நனைந்தால் தாள் போயிற்று. தட்டினால் பிடித்து வைத்ததையெல்லாம் கக்கிவிடும். பள்ளம் தோண்டிப் புதைப்பதுதான் முறை. பெட்டிக்குள் ஈரத்துணியால் துடைக்கலாம், விளக்குமாறு ஆகாது. புதுச் சட்டத்துக்குப் பின்னால் பல்பைப் பிடித்து ஓட்டை இருக்கிறதா பார்க்க வேண்டும், தாளில் விரல் படக் கூடாது. சட்டத்தின் விளிம்பில் ஓர் அம்புக்குறி அச்சடித்திருக்கும், காற்று போகும் திசைக்கு. அம்புக்குறி அறையைப் பார்க்க வேண்டும். நட்டுகளை எதிரெதிர் மூலையாகச் சமமாக இறுக்கி, விசிறியைப் போட்டு, விளிம்போரமாக ஓர் ஊதுபத்தியை நகர்த்திப் பார்த்தால், காற்று கசிகிற இடத்தில் புகை நெளிந்து காட்டிக்கொடுக்கும்.

முடித்துவிட்டு வெளியே வந்தேன். அவள் விரல் மடக்கி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். ஊதுபத்தி உட்பட ஒன்றுகூட விடவில்லை. ஒரே தடவை பார்த்ததில்.

அன்று சாயந்திரம் அவள் தையலுக்குப் போயிருந்தபோது மேல் வலது மூலை நட்டை இரண்டு சுற்று தளர்த்தினேன். இரண்டே சுற்று. விளிம்பில் ஓர் இழை நுழைகிற அளவுக்கு இடுக்கு விழுந்திருக்கும்.

மூன்றாம் நாள் விடியக்காலம் அவளுக்கு இளைப்பு வந்தது. ஊசி போட்டேன். ஐந்தாவது நிமிஷம் முகத்தில் ரத்தம் திரும்பியது, கண்ணைத் திறந்தாள். "நீங்க இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்" என்றாள். அவள் தூங்கியதும் நட்டைப் பழையபடி இறுக்கிவிட்டேன். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் இறுக்கினேன். அந்த வருஷத்தில் மூன்று தடவை, அதற்கு மேல் இல்லை. வேண்டுமென்று நினைத்திருந்தால் வாரம் ஒரு தடவை செய்திருக்கலாம். எனக்கு அளவு தெரியும்.

இந்த ஆடியில்தான் கொஞ்சம் சிக்கலானது. ஆவுடையின் தம்பி செல்லப்பா வந்திருந்தான். ராயகிரியில் விவசாயம் பார்க்கிறவன், கபடம் தெரியாதவன். சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டே, "அத்தான், அக்கா கொஞ்ச நாள் அங்கன வந்து இருக்கட்டுமே. எங்க ஊர்க் காத்துக்கு மிஷினே வேண்டாம்லா. பங்குனி வரைக்கும் இருந்து பாக்கட்டும்" என்றான்.

"ஊசிக்கு என்ன செய்வ?" என்று கேட்டேன். அவனிடம் இல்லை, அவளிடம்.

"தங்கபுஷ்பம் சொல்லிக் குடுத்துட்டா. ஆரஞ்சுப் பழத்துல குத்திக் குத்திப் படிச்சேன். இப்ப நானே போட்டுக்கிடுவேன்" என்றாள். சொல்லும்போது அவளுக்கு என்ன பெருமை. நான் சரி என்றேன். திங்கட்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்று செல்லப்பா போய்விட்டான்.

போன வருஷத்துச் சட்டம் ஒன்று பின்கட்டில் இருந்தது. புதைக்க வேண்டியது, பையோடு சாய்த்து வைத்திருந்தேன். ஏன் புதைக்கவில்லை என்று போலீஸில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மழையில் பள்ளம் தோண்டுவது சிரமம் என்று சொன்னேன், அது அப்போதைக்கு உண்மைதான். பையைப் பிரித்தபோது பழைய சாக்கு வாடை அடித்தது. ஒரு பக்கம் வெள்ளையாகவே இருந்தது, மறுபக்கம் கறுப்பும் பச்சையுமாக வெல்வெட்டு மாதிரி.

சனிக்கிழமை அவள் தங்கபுஷ்பம் வீட்டில் விடைபெற்றுக்கொண்டிருந்த நேரத்தில் மாற்றினேன். ஃபியூஸ் கட்டை பைக்குள். மூக்கில் நாலு மடிப்பு ஈரத்துணி. நட்டுகள் நான்கும் ஒரே இறுக்கம். ஊதுபத்திப் புகை ஓரிடத்திலும் நெளியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. தண்ணீர் மட்டும் தெளிக்கவில்லை. மாட்டுவதற்கு முன் சட்டத்தை மூன்று தடவை தட்டினேன். அம்புக்குறி தெருவைப் பார்த்தது.

அன்று மின்சாரம் விட்டுவிட்டு வருகிறது, மிஷினைப் போட வேண்டாம் என்று சொல்லி அவளைக் கூடத்தில் படுக்கவைத்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளுக்கு லேசான தும்மல் இருந்தது. "மிஷின் ரூம்ல கதவச் சாத்திட்டுக் கொஞ்சம் படுட்டி. நாளைக்கிப் பயணம்லா" என்றேன். இளைப்பு கிளம்புகிற மாதிரி இருந்தால் அந்த அறைக்குள் போய்விட வேண்டும் என்பது டாக்டரம்மா சொல்லி வைத்த முறை. அவள் அதை மீறுவதேயில்லை. விசிறியின் ரெகுலேட்டரை இரண்டில் வைத்தேன். ஊசிப் பெட்டியை அதே அறையிலிருந்த டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டேன். கண்ணாடிச் சாமான், உடைந்துவிடும்.

"நான் அருவிக்குப் போயிட்டுப் பத்து மணிக்கு வந்துருதேன்" என்றேன்.

"பைய குளிச்சிட்டு வாங்க. சீசன் முடியப் போவுது" என்றாள்.

ஐந்தருவியில் அன்று நல்ல தண்ணீர். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் எனக்குப் பழக்கம், முதுகுக்கு ஒன்றுக்கு இரண்டு தடவை போட்டுத் தேய்த்தார். போலீஸ்காரர் வரிசையில் விட்டார். தண்ணீர் தோளில் விழுந்தபோது சாவி இடுப்பில் குத்தியது. இதை எழுதாமல் விடலாம். ஆனால் உண்மையை எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒன்பதரைக்கு ஒரு பஸ் நின்றது. உட்கார இடமும் இருந்தது. நான் ஏறவில்லை. லேசான இளைப்பில் ஊசி போட்டால் மறுநாளே மறந்துவிடுவார்கள். நன்றாக முற்றி, இனி முடியாது என்கிற நேரத்தில் போட்டால்தான் ராயகிரிப் பேச்சு மறுபடி வராது. இன்னும் அரைமணி போகட்டும் என்று நினைத்து இரண்டாம் தடவை குளித்தேன். அடுத்த பஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், ஏற முடியவில்லை. அதற்கு நான் பொறுப்பில்லை. வீட்டுக்கு வரும்போது பதினொன்றரை.

அவள் டிரங்குப் பெட்டியின் பக்கத்தில் தரையில் கிடந்தாள். கையில் தையல் கத்தரி. பூட்டைச் சுற்றித் தகரத்தில் கீறல் கீறலாக இருந்தது. கத்தரியின் ஒரு முனை ஒடிந்திருந்தது. ரெகுலேட்டர் ஐந்தில் இருந்தது, அய்யா. நான் வைத்தது இரண்டில். மூச்சு முட்ட முட்ட அவள் மிஷினை நம்பி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறாள். இரண்டிலேயே விட்டிருந்தால் நான் வரும் வரை தாங்கியிருப்பாள் என்பது என் அபிப்பிராயம்.

ஊசியை எடுத்துப் போட்டேன். ஐந்து நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இன்னொரு ஐந்து நிமிஷம்.

தங்கபுஷ்பம் கோயில் முடிந்து வந்து முதலில் அழுதாள். அப்புறம் அறையைப் பார்த்தாள். தியேட்டரில் எத்தனையோ தடவை எனக்குக் கூடமாட நின்றவள். பூட்டைத் தடவினாள். மிஷினுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, கறுத்த பக்கம் ஏன் உள்ளார பாக்குது?"

நான் ஊசியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

"அவசரத்துல தப்பா மாட்டிட்டியளோ?"

அவள் அதைப் பரிவோடுதான் கேட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு நான் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் பதினைந்து வருஷ சர்வீஸில் நான் எதையும் தப்பாக மாட்டியதில்லை.

"தப்பா மாட்டல, தங்கபுஷ்பம். அப்படித்தான் மாட்டினேன்" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. ஆவுடையம்மாள் செத்தது என் கையால். சட்டத்தைத் திருப்பி மாட்டியது, மருந்தைப் பூட்டியது, பஸ்ஸை விட்டது மூன்றையும் தெரிந்தே செய்தேன். அவளைக் கொல்ல நினைத்தேனா என்று கேட்டால் இல்லை. அவளை என்னைப்போல் யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இங்கே சப்ஜெயிலில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்துப் பாயில் உச்சிமாகாளி என்று ஒரு பெரியவர், ஆட்டுத் திருட்டுக் கேஸ். வந்த அன்று அவருக்கு ஓயாத இருமல். நான்தான் முதுகைத் தடவி, வெந்நீர் கேட்டு வாங்கிக் கொடுத்துத் தேற்றியிருக்கிறேன். "நீங்க மகராசனா இருக்கணும்" என்றார். நேற்று மத்தியானம் என்னைக் கூப்பிடாமலே சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அயர்ந்து தூங்கிவிட்டார். எனக்கு அது கொஞ்சம் கவலையாக இருக்கிறது.